கடைமடை வயலுக்குத் தக்கைப்பூண்டா, கொழிஞ்சியா?

மேலூர்ப் பக்கம், கால்வாய்த் தண்ணீர் கடைசியாக வந்துசேரும் கடைமடையில், எனக்கு இரண்டு ஏக்கர் செவல் (செம்மண்) வயல். ஒருபோக நெல். மண் பரிசோதனையில் கரிமச்சத்து 0.5 சதவீதத்துக்கும் கீழே என்று வந்தது, அதாவது 'குறைவு'. வீட்டில் மாடு இல்லாததால் தொழு உரத்துக்கு வழியில்லை. பசுந்தாள் உரம்தான், அதாவது செடியை வயலிலேயே வளர்த்துப் பச்சையாக மடக்கி உழுது மக்கவிடுவதுதான் வழி என்று இறங்கினேன். மூன்று வருஷம் தக்கைப்பூண்டு, அதன்பின் நான்கு வருஷமாகக் கொழிஞ்சி. இப்போது யார் கேட்டாலும் கொழிஞ்சி என்றுதான் சொல்வேன்.

இரண்டுமே வேர் முடிச்சில் காற்றுத் தழைச்சத்தைச் சேர்க்கிற செடிகள். கணக்கு மட்டும் பார்த்தால் தக்கைப்பூண்டுக்கே வெற்றி. ஏக்கருக்கு 20 கிலோ விதை, 45 நாளில் 8 முதல் 10 டன் தழை. கொழிஞ்சிக்கு 8 கிலோ விதை போதும், ஆனால் மூன்று மாதம் கழித்தும் 3 டன் தேறுவதே பெரிது. உங்கள் நிலம் களரா, தண்ணீர் தேங்குமா? யோசிக்காமல் தக்கைப்பூண்டு போடுங்கள்.

எங்களுக்குத் தீர்மானமானது தண்ணீர். பெரியாறு பிரதான கால்வாயில் கள்ளந்திரி வரை இருபோகம், 45,041 ஏக்கர். அதற்குக் கீழே மேலூர்ப் பகுதி ஒருபோகம், 85,563 ஏக்கர். அணையில் இருப்பு இருந்தால் செப்டம்பர் நடுவில் திறப்பார்கள். கடைமடைக்கு வந்துசேர இன்னும் நாளாகும். அதற்குப் பிறகு விதைத்து 45 நாள் காத்திருந்தால் நடவு மழைக்குள் மாட்டிக்கொள்ளும். ஆக, கோடை மழையையோ ஆவணி மழையையோ நம்பித்தான் தக்கைப்பூண்டு விதைக்க வேண்டும்.

முதல் வருஷம் முழங்கால் உயரத்தில் காய்ந்தது, மிச்சத்தை ஆடு மேய்ந்தது. இரண்டாம் வருஷம் குறையில்லை. மூன்றாம் வருஷம்தான் பட்டேன். செடி நன்றாக வந்தது, தண்ணீர் வரவில்லை. ஈரமில்லாமல் மடக்கி உழுதால் மக்காது என்று காத்திருந்தேன். எழுபது நாளைத் தாண்டியதும் தண்டு கட்டையாகிவிட்டது. ரோட்டவேட்டரில் நார் சுற்றிக்கொண்டு நாலு தடவை நிறுத்தி அறுத்து எடுத்தோம். மக்காத குச்சி நடவுக்கு வந்த பெண்கள் காலில் குத்தியது. நட்ட நாற்றும் வெளுத்தது. முற்றிய தண்டை மக்க வைக்கிற நுண்ணுயிர்கள் மண்ணில் இருந்த தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். உரம் போட்ட வயலுக்கே யூரியா வாங்கிப் போட்டேன்.

கொழிஞ்சிக்கு இந்தப் பதைப்பு இல்லை. தை அறுவடைக்கு ஒரு வாரம் முன்பு, நெல் நிற்கும்போதே ஈரத்தில் விதையைத் தூவிவிடுவேன். தோல் கடினமானது, கரடு மணலோடு சேர்த்துத் தேய்த்துவிட்டுத் தூவினால்தான் முளைப்பு சீராக இருக்கும். முதல் ஒன்றரை மாதம் செடி இருக்கிற இடமே தெரியாது, பயந்துவிடாதீர்கள். ஆணிவேர் கீழே போய்க்கொண்டிருக்கும். அக்கினி நட்சத்திரத்திலும் வயல் பச்சையாக நிற்கும். ஆடு மாடு வாய் வைக்காது. அறுவடை முடிந்ததும் ஊர்க் கால்நடையெல்லாம் அவிழ்த்துவிடுகிற எங்கள் பக்கத்தில் இந்த ஒன்றே போதும்.

இன்னொன்று, விதைச் செலவு. முதல் வருஷம் வாங்கியதோடு சரி. வைகாசியிலிருந்து காய் வெடித்துத் தானே சிதறும். நெல் வயல் தண்ணீரில் மாதக்கணக்கில் கிடந்தும் அந்த விதை கெடுவதில்லை, அடுத்த தையில் முளைக்கிறது. முளைப்பு திட்டுத்திட்டாக இருக்கிற இடத்தில் மட்டும் ஒரு கிலோ, இரண்டு கிலோ தூவுகிறேன்.

சித்திரையில் ஒரு செடியைக் கடப்பாரையால் நெம்பி எடுத்துப் பாருங்கள். வேரில் இருக்கிற முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அப்படியானால் வேலை நடக்கிறது. எங்கள் தாலுகாவின் அரிட்டாபட்டியை 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். அந்த மலைப் பறவைகளைப் பார்க்க வருகிறவர்களிடம் நான் வயல் வரப்பையும் காட்டுவேன். முன்பு கோடையில் வெந்து கிடந்த மண்ணில் இப்போது செடி நிழலில் மண்புழு எச்சம் குவியல் குவியலாகக் கிடக்கிறது. உழும்போது ஏர் பின்னால் கொக்கும் மைனாவும் அடித்துக்கொள்கின்றன.

ஆட்டு மந்தையை வயலில் அடைத்து எருவுக்காகக் கிடை போடலாமே என்பார்கள். நல்லதுதான், மந்தை ஓட்டிவரும் கீதாரி கிடைத்தால் விடாதீர்கள், கொழிஞ்சி நிற்கிற வயலிலும் ஆடு புல்லை மட்டும் பொறுக்கிவிட்டுப் போகும். புழுக்கையோடு சீமைக்கருவேல விதையும் வரும், முளைத்ததும் பிடுங்கிவிட வேண்டும்.

என் அனுபவம் செவலில் மட்டும். திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் நான் போட்டுப் பார்த்ததில்லை. அங்கே முதலில் பத்து சென்டில் தூவிப் பாருங்கள். கிணறு வைத்திருப்பவருக்கும் என் கணக்கு பொருந்தாது, அவர் தக்கைப்பூண்டை 45ஆம் நாளில் பூவோடு மடக்கி உழுதுவிடலாம். கொழிஞ்சி விதை வேண்டுபவர்கள் வைகாசியில் காய் பழுப்பேறும்போது, வெயில் ஏறுவதற்குள் பறித்துச் சாக்கில் கட்டிக் காயவையுங்கள். வெயிலில் பறித்தால் பாதி விதை அங்கேயே தெறித்துவிடும்.