வியாசர்பாடி பட்டறையின் டீகாஸிங் வேலை: காயில் பிரமாதம், பெட்டி சுமார்

மோட்டாரும் டிரான்ஸ்ஃபார்மரும் சுற்றித்தரும் இந்தப் பட்டறை, கேட்டால் காந்தக் கவச அறைக்கு (வெளிக் காந்தப்புலம் உள்ளே வராமல் தடுக்கும் அறை) டீகாஸிங் காயிலும் கட்டித்தருகிறது. சுவர்த் தகட்டில் தங்கிய காந்தத்தை, திசை மாறி மாறி ஓடும் மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைத்து அழிப்பதுதான் டீகாஸிங். 2.5 மீட்டர் கனசதுர அறை, காந்தப்புலத்தை எளிதில் தனக்குள் இழுத்துக்கொள்ளும் நிக்கல்-இரும்புக் கலவையான மியூ-மெட்டல் 1.5 மி.மீ. ஒரு அடுக்கு, அதற்கு வெளியே அலுமினியம். அந்த அறையில் செய்த வேலை பற்றிய மதிப்பீடு இது.

காயிலில் குறை சொல்ல இடமில்லை. இணையான நான்கு விளிம்புகளிலும் பத்துப் பத்துச் சுற்று, எல்லாம் தொடரில். 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் உள்பக்கம் போய், மூலைத் துளை வழியாக வெளியே வந்து திரும்புகிறது. இதனால் காந்தப் பாய்வு நான்கு சுவர்களையும் சுற்றி வளையமாக ஓடும். சுற்றளவு 10 மீட்டர். 8 ஆம்பியர் விட்டால் மீட்டருக்கு 32 ஆம்பியர் கிடைக்கிறது. மியூ-மெட்டலைச் சேச்சுரேட் செய்ய, அதாவது இனி காந்தம் ஏறாத அளவுக்கு நிரப்ப, அது தாராளம். மூன்று திசைக்கும் தனித்தனிக் காயில், முனைகளில் தெளிவான குறியீடு. ஒரு விளிம்பு தலைகீழாக இணைந்தாலும் பாதி வலு போய்விடும் என்பதால், ஒப்படைக்கும்போதே ஒவ்வொன்றையும் சோதித்துக் காட்டுகிறார்கள். துளைகளை மட்டும் தகட்டை அனீல் செய்யும் (சூளையில் சூடாக்கிப் பதப்படுத்தும்) முன்பே போட்டு வாங்கிவிடுங்கள். அனீல் ஆன தகட்டில் டிரில் போட்டாலோ தட்டினாலோ அந்த இடத்தில் பெர்மியபிலிட்டி (காந்தப் பாய்வை ஏற்கும் திறன்) இறங்கிவிடும்.

காயிலுக்கு மின்னோட்டம் தரும் பெட்டிதான் சிக்கல். முதலில் கொடுப்பது கையால் திருப்பி வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மரான வேரியாக், 50 ஹெர்ட்ஸ். இதை வாங்காதீர்கள். அந்த அதிர்வெண்ணில் காந்தப்புலம் மியூ-மெட்டலுக்குள் சுமார் 0.4 மி.மீ. தான் இறங்கும். தகட்டின் நடுப்பகுதி அப்படியே கிடக்கும். வேரியாக்கின் பிரஷ்ஷும் வழுக்கி இறங்காது, சுற்றுக்குச் சுற்று தாவும். காயிலின் மின்தடையோ வெறும் 1.5 ஓம், சிறு வோல்டேஜ் தாவலும் பெரிய மின்னோட்டத் தாவலாகிவிடும். கடைசித் தாவல் ஒன்றே தகட்டில் காந்தத்தை மிச்சம் வைக்கப் போதும். அதனால் ஒவ்வொரு முறையும் ஃபிளக்ஸ்கேட் என்ற காந்தப்புல அளவியில் வேறு வேறு எண்.

இரண்டாவது, 10 ஹெர்ட்ஸ் ஆம்ப்ளிஃபயர் பெட்டி. எண்ணம் சரி. 8 ஆம்பியரில் தொடங்கி 120 விநாடியில் சீராகப் பூஜ்யத்துக்கு இறக்கினால் 1,200 சுழற்சி கிடைக்கும். ஆம்ப்ளிஃபயரிலிருந்து கூடவே கசியும் நேர்மின்னோட்டத்தை (டி.சி. ஆஃப்செட்) தடுக்க நடுவில் டிரான்ஸ்ஃபார்மரும் வைத்திருக்கிறார்கள். ஆனால் அது 50 ஹெர்ட்ஸுக்குச் சுற்றியது. 10 ஹெர்ட்ஸில் ஐந்தில் ஒரு பங்கு வோல்டேஜுக்கே அதன் இரும்புக் கோர் காந்தத்தால் நிரம்பி, அலை நசுங்குகிறது. 12 வோல்ட் உச்சத்துக்கு 10 ஹெர்ட்ஸ் கணக்கில் கோர் போடச் சொன்னால் மறுபேச்சில்லாமல் மாற்றித் தருகிறார்கள். கனம் கூடும், விலையும் கூடும். மாற்றியபின் மூன்று முறை ஓட்டிப் பார்த்ததில் அறை நடுவில் எண் அசையவில்லை.

ஓட்டும்போது கதவு மூடியிருக்க வேண்டும். திறந்திருந்தால் வளையம் அறுந்துவிடும். சென்னையில் பூமியின் புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா, கிட்டத்தட்ட கிடையாக வடக்கு நோக்கி. பிறகு கதவைத் திறந்து மூடினால் பூமிப் புலத்தின் தடம் திரும்பப் பதியும். அளவீட்டுக்கு முன் இன்னொரு முறை ஓட்டுங்கள்.

எண்ணூர் நெடுஞ்சாலையின் கன்டெய்னர் லாரிகள், புறநகர் ரயிலின் 25 கிலோவோல்ட் பாதை ஆகியவற்றின் புலத்தை டீகாஸிங் தொடாது. அதற்கு வெளியே ஈடுகட்டும் காயில் வேண்டும். அதையும் சுற்றித்தருவதாகச் சொல்கிறார்கள். சுற்றுவதை அவர்களிடம் விடலாம், கன்ட்ரோலரை வேறிடத்தில் பாருங்கள்.

ஒயர் கிளாம்புக்கு 304 ஸ்டீல் திருகு போடுகிறார்கள். மரை போட்ட இடத்தில் அதற்கும் லேசாகக் காந்தம் ஏறும். பித்தளை கேளுங்கள்.