ஆரெயா: முழக்கமாகச் சுருங்காத அரசியல் இசை

இத்தாலியின் ‘ஆரெயா’ குழு 1973இல் வெளியிட்ட முதல் இசைத்தொகுப்புக்கு, நாஜி வதைமுகாம் வாயில்களில் எழுதப்பட்டிருந்த, ‘உழைப்பு விடுதலை தரும்’ எனப் பொருள்படும் ஜெர்மானிய வாசகத்தையே தலைப்பாக வைத்தது. ஒரு பெண் அரபு மொழியில் பேசும் குரலோடு முதல் பாடல் தொடங்குகிறது. குழுவின் பாடகர் டெமெட்ரியோ ஸ்ட்ராடோஸ் பாடத் தொடங்கிய சிறிது நேரத்தில், பால்கன் நாட்டுப்புற இசையை நினைவூட்டும் ஒற்றைப்படைத் தாளத்தில் கருவிகள் அனைத்தும் ஒருசேரப் பாய்ந்து வருகின்றன. அலெக்சாண்டிரியாவில் கிரேக்கப் பெற்றோருக்குப் பிறந்த ஸ்ட்ராடோஸ், சொற்கள் முடிந்த இடத்திலும் குரலை நிறுத்துவதில்லை. கமறலும் நடுக்கமும் கூவலுமாக அது மற்றொரு கருவியாகவே மாறிவிடுகிறது.

1974இல் வந்த இரண்டாம் தொகுப்பு கடினமானது; அதன் இறுதியில் வரும் மின்னணு இரைச்சலை என்னால் ஒருமுறைக்கு மேல் முழுமையாகக் கேட்க இயலவில்லை. புதிதாகக் கேட்பவர்கள் 1975இன் ‘கிராக்!’ தொகுப்பிலிருந்து தொடங்கலாம். அதிலுள்ள ‘மகிழ்ச்சியும் புரட்சியும்’ என்ற பாடல், எளிய கிட்டார் மீட்டலோடு, கூட்டமாகச் சேர்ந்து பாடத்தக்க மெட்டில் அமைந்தது. அதே ஆண்டின் மேடைப் பதிவில், உலகத் தொழிலாளர் இயக்கத்தின் பாடலான ‘சர்வதேச கீதம்’ இக்குழுவின் கைகளில் சிதைந்து, மீண்டும் உருப்பெறுகிறது. ஸ்ட்ராடோஸ் 1979இல் தம் 34ஆம் வயதில் மறைந்தார்.