சின்னத் தொழுவத்துக்கு ஒரு பக்கெட் கறவை இயந்திரம்

நாலைந்து மாட்டை இருவேளையும் கையால் கறக்கிறவர்களுக்கு முதலில் கெடுவது மணிக்கட்டுதான். எனக்கு விரலை மடக்கவே வலி வந்த பிறகு வாங்கியது இது. தள்ளுவண்டியில் மோட்டார், காற்றை உறிஞ்சும் வாக்குவம் பம்ப், உறிஞ்சலை விட்டுவிட்டுத் தரும் பல்சேட்டர், நாலு காம்புக்கும் குழல், பால் சேரும் பக்கெட். அவ்வளவுதான்.

நன்றாகவே கறக்கிறது. விடாமல் உறிஞ்சினால் காம்பில் ரத்தம் கட்டிவிடும். அதனால்தான் பல்சேட்டர் நிமிடத்துக்குச் சுமார் 60 முறை விட்டுவிட்டுக் காம்பைப் பிசைந்து கொடுக்கிறது. உறிஞ்சும் அழுத்தத்தைக் காட்டும் வாக்குவம் முள் 40 முதல் 50 கிலோபாஸ்கலுக்குள் நிற்கட்டும். சீக்கிரம் முடியட்டும் என்று ஏற்றினால் காம்பு நுனி தடித்துப்போகும்.

பாலை இறக்க வேண்டியது மாடுதான், இயந்திரம் இல்லை. மடியைத் துடைத்து, ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு மூன்று பீச்சலைக் கறுப்புக் கிண்ணத்தில் விட்டு, பாலில் திரி, அதாவது மடிநோய்க்கு அடையாளமான கட்டி, இருக்கிறதா என்று பார்ப்பேன். அந்தத் தொடுகையில் பாலை இறக்கும் ஹார்மோனான ஆக்ஸிடாசின் சுரந்து, ஒரு நிமிடம் போனதும் மடி விறைக்கும். அப்போது மாட்டினால் ஐந்தாறு நிமிடத்தில் வேலை முடிந்தது. அவசரப்பட்டால் குழலில் வெறும் காற்று இரையும், மாடு காலை மாற்றி மாற்றி வைக்கும். தலையீத்து மாடு என்றால், முதலில் சில நாள் மோட்டாரை மட்டும் ஓடவிட்டு அந்தச் சத்தத்திலேயே தீவனம் வையுங்கள்.

குறை என்றால் கழுவுவது. கறந்ததும் வெதுவெதுப்பான தண்ணீர். எடுத்த எடுப்பில் கொதிநீர் விட்டால் பால் புரதம் ரப்பரில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் சூடான கார மருந்துத் தண்ணீர், அப்புறம் நல்ல தண்ணீர். ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவர்களுக்குக் கறக்கும் நேரத்தைவிடக் கழுவும் நேரம்தான் அதிகமாகும். அவர்களுக்குக் கையே போதும். குழலுக்குள் காம்பைப் பிடிக்கும் ரப்பர் உறையான லைனரை 2,500 கறவைக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள், இல்லையென்றால் 6 மாதம். எது முந்துகிறதோ அது.

அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து ஒரே இயந்திரத்தை வைத்துக்கொள்ளலாமா என்று எங்களுக்குள் பேச்சு வந்தது. அப்படியே என்றால் எனக்குச் சம்மதமில்லை. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற மடிநோய்க் கிருமிகள் கறப்பவர் கையாலும் லைனராலும்தான் மாட்டுக்கு மாடு தொற்றுகின்றன. ஒரு வீட்டு நோய் தெருவையே சுற்றிவிடும். மோட்டாரும் பம்பும் உள்ள தள்ளுவண்டி மட்டும் எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும். குழல் செட்டும் பக்கெட்டும் வீட்டுக்கு வீடு தனியாக வேண்டும். என் தொழுவத்திலேயே மடிநோய் கண்ட மாட்டைக் கடைசியில், தனிப் பாத்திரத்தில், கையால்தான் கறக்கிறேன்.

நாலு மாடாவது இருந்தால் தாராளமாக வாங்கலாம். பம்பின் எண்ணெய் அளவைப் பார்க்கும் கண்ணாடி முன்பக்கம் இருக்கிற மாடலாகப் பார்த்து எடுங்கள். என்னுடையதில் பின்னால் இருப்பதால் தினமும் வண்டியைத் திருப்பித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.