பழைய டீசல் ஜீப்புக்கு 90 ஆம்பியர் ஆல்டர்னேட்டர்: போட்டது வீண்போகவில்லை, ஆனால்...

எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தந்து பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரை, நம்மூர் பேச்சில் டைனமோவை, கோயம்புத்தூரில் ஒரு ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் மாட்டினேன், ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டியாகிவிட்டது. வேலை சுத்தம், கூலியும் நியாயம். குறை என்றால் பெல்ட் மட்டும்தான்.

வால்பாறை பக்கம் இரவில் போகிறவர்களுக்குத் தெரியும், ஆழியாரிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு, மேலே போகப் போகப் பனிமூட்டம், ஹெட்லைட், ஃபாக் லேம்ப், வைப்பர், கண்ணாடி மங்காமல் இருக்க ஏசி என்று எல்லாமே ஒன்றாக ஓடும். 55 வாட்ஸ் பல்ப் நான்குக்கே 17 ஆம்பியர் போய்விடும், ப்ளோவரும் கண்டன்சர் ஃபேனும் அதற்கு மேல். பழைய டைனமோ இருந்தபோது, செக்போஸ்ட்டில் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் எஞ்சின் ஓட நின்றால் ஹெட்லைட் மங்கும், பேட்டரி வோல்டேஜ் 12.3க்கு இறங்கும். எல்இடி போடலாமே என்றார்கள். ஹாலஜன் ரிஃப்ளெக்டரில் எல்இடியைச் சொருகி எதிரே வருகிறவன் கண்ணைக் குருடாக்க எனக்கு இஷ்டமில்லை.

லேபிளில் போட்டிருக்கும் 90 ஆம்பியர், டைனமோ 6000 ஆர்பிஎம்மில் சுற்றும்போது கொடுப்பது. ஐடிலில் அதில் பாதி வந்தாலே பெரிய விஷயம். அதனால் வாங்கும்போது பெரிய நம்பரைப் பார்த்து மயங்காமல், குறைந்த வேகத்தில் எவ்வளவு தருகிறது என்று டெஸ்ட் பெஞ்சில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இந்தக் கடையில் கேட்காமலே காட்டினார்கள்.

டீசல் வண்டிக்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இந்த மாதிரி வண்டிகளில் பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டருக்கான வேக்கம் பம்ப் டைனமோவின் பின்னாலேயே உட்கார்ந்திருக்கும், ஆயில் லைனும் அங்கேதான் வரும். அந்தப் பம்ப் இல்லாத பெட்ரோல் கார் டைனமோ சல்லிசாகக் கிடைக்கிறதே என்று மாட்டினால் சார்ஜ் ஏறும், பிரேக் கல்லு மாதிரி இறுகிவிடும், மலை இறக்கத்தில் அது விளையாட்டில்லை. என்னுடையது பம்போடு சேர்ந்தே வந்தது.

கடைக்கு நான் முழு மார்க் போடுவது வயருக்குத்தான். டைனமோவிலிருந்து பேட்டரிக்குப் போகும் பழைய வயர் மெலிசு, 90 ஆம்பியர் அதில் பாய்ந்தால் சூடாகி உருகும். அதை எடுத்துவிட்டு 25 ஸ்கொயர் எம்எம் கேபிள் இழுத்து, பேட்டரி பக்கத்தில் ஃபியூஸ் வைத்து, எஞ்சினிலிருந்து பாடிக்கும் புது எர்த் பட்டை போட்டார்கள். இப்போது எல்லா லோடும் ஓட ஐடிலில் 13.6 வோல்ட் காட்டுகிறது. சில கடைகளில் டைனமோவை மட்டும் மாட்டி அனுப்பிவிடுவார்கள், அப்புறம் சார்ஜ் ஏறலை என்று போனால் பேட்டரியை மாற்றச் சொல்வார்கள்.

சரி, பெல்ட். முழு லோடில் இந்த டைனமோ எஞ்சினிடமிருந்து சுமார் 3 குதிரைத்திறன் இழுக்கும், ஒற்றை வி-பெல்ட்டுக்கு அது அதிகம். காலையில் ஸ்டார்ட் செய்து லைட்டைப் போட்டால் கீச்சென்று தெருவே திரும்பிப் பார்க்கிறது. இறுக்கிவிட்டால் சத்தம் நிற்கும், ஆனால் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது, அதன் பேரிங் சீக்கிரம் போகும். இதை மாட்டும் முன்பே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. எஞ்சினின் கிராங்க் பக்கத்துக்கும் சேர்த்து, இரண்டு பெல்ட் ஓடும் டபுள் புல்லி கிடைத்தால் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை கொஞ்சம் லூசாகவே விட்டு, லைட்டைப் போடும் முன் எஞ்சினைச் சற்று ஓடவிடுகிறேன்.