குளுட்டமேட், கிளைசின்: தண்டுவட நோய்களில் எதன் பங்கு என்ன?

இரண்டுமே அமினோ அமிலங்கள். தண்டுவடத்தில் குளுட்டமேட் நரம்புச் செல்களைத் தூண்டும், கிளைசின் அடக்கும். ஒன்று ஆக்சிலரேட்டர், மற்றது பிரேக்.

குளுட்டமேட் அதிகம் பேசப்படுவது ஏஎல்எஸ் நோயில். தசைகளை இயக்கும் நரம்புச் செல்கள் மெல்ல மடியும் நோய் இது. இந்நோயால் இறந்தவர்களின் தண்டுவடத்தில், குளுட்டமேட்டை உறிஞ்சி அகற்றும் வேலை குறைந்திருந்ததை 1992-இல் ஜெஃப்ரி ராத்ஸ்டீன் குழு காட்டியது. தேங்கும் குளுட்டமேட்டால் செல்லுக்குள் கால்சியம் அளவுமீறிப் புகுந்து அதைக் கொல்கிறது என்பது கருத்து. அதையொட்டி வந்த ரிலுசோல் என்ற மருந்து 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் மருந்துச் சோதனைகளில் ஆயுள் நீண்டது சுமார் 2, 3 மாதம்தான். எலிகளில் நம்பிக்கை தந்த செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக்கோ மனிதர்களிடம் பலிக்கவில்லை. ஆக, குளுட்டமேட் மட்டுமே குற்றவாளி என்று சொல்ல எனக்குத் தயக்கம். (சாப்பாட்டில் குளுட்டமேட் உப்பான அஜினமோட்டோ சேர்த்தால் ஏஎல்எஸ் வருமா என்று பயப்பட வேண்டாம். உணவிலுள்ள குளுட்டமேட்டில் பெரும்பகுதியைக் குடலே செலவழித்துவிடும்.)

கிளைசின் கதை இவ்வளவு குழப்பமில்லை. எட்டி விதையிலுள்ள ஸ்ட்ரிக்னின் என்ற நஞ்சு கிளைசின் ஏற்பிகளை, அதாவது நரம்புச் செல்லில் கிளைசின் வந்து ஒட்டும் இடங்களை, அடைக்கும். டெட்டனஸ் நஞ்சு கிளைசின் வெளிவருவதையே தடுக்கும். இரண்டிலும் பிரேக் போய், தசைகள் இறுகி உடல் வில்லாய் வளையும். சின்னச் சத்தத்துக்கே குழந்தை விறைத்துப்போகும் ஹைப்பரெக்பிளெக்சியாவுக்கு, கிளைசின் ஏற்பியின் மரபணுக் கோளாறு ஒரு காரணம் என்று 1993-இல் தெரிந்தது. அதற்குத் தரும் குளோனசிபாம் மருந்து நன்றாகவே உதவுகிறது. வேடிக்கை என்னவென்றால், அது வேலை செய்வது காபா என்ற வேறொரு அமினோ அமிலத்தின் ஏற்பி வழியாக.