வான் போன பிறகு ஊரில் என்ன மிஞ்சும்? மூன்று வழிகள், ஒரு கணக்கு

ஏ9 வீதியால் வடக்கே போகிற வான்கள் வன்னியில் முறிகண்டியில் நிற்கும். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய், கையில் ஒரு சரை கச்சான், பிறகு நேரே யாழ்ப்பாணம். வன்னிக்கு மிஞ்சுவது கச்சான் விற்ற காசு. வற்றாப்பளைப் பொங்கலுக்கும், ஓகஸ்ட் 15 மடுத் திருநாளுக்கும், கொக்கிளாய்ப் பறவைகளுக்கும் உள்ளே திரும்புகிறவர்கள் உண்டு. விடுமுறைக்குக் கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருந்து வருகிற எங்கள் சனமும் உண்டு. தங்களைச் சுற்றுலாப் பயணிகள் என்று அவர்கள் நினைப்பதில்லை, ஆனால் செலவழிப்பது அவர்கள்தான். இவர்களின் காசு ஊரின் பொதுவேலைக்குப் போக மூன்று வழிகள் இருக்கின்றன.

மூன்றையும் ஒரே உரைகல்லில் உரைப்போம்: ஊரின் ஆர்ஓ இயந்திரம், அதாவது கிணற்றுத் தண்ணீரை வடித்துக் குடிநீராக்கும் இயந்திரம். யாரோ அன்பளிப்பாகத் தந்தது. வன்னிக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். முன்னால் இருக்கிற வண்டல் வடிகட்டியை நேரத்துக்கு மாற்றாவிட்டால் தண்ணீர் வரத்துக் குறையும். அப்படியே ஓடவிட்டால் வண்டல் உள்ளே போய், தண்ணீரைச் சுத்தமாக்கும் மெல்லிய சவ்வான மெம்பிரேனை அடைக்கும். வடிகட்டி மலிவு, மெம்பிரேன் விலை. ஊருக்கு வேண்டியது பெரிய தொகை அல்ல, மாதாமாதம் வரும் சின்னத் தொகை.

கையில் கொடுத்துவிட்டுப் போவது

கொப்பி, பேனை, புத்தகப்பை, சில வேளை பாடசாலை அதிபரின் கையில் ஒரு கடித உறை. வேகமான வழி, இடைத்தரகர் இல்லை. ஆனால் ஒரே பாடசாலைக்கு மூன்று வான் கொப்பி வரும், அடுத்த ஊருக்கு ஒன்றும் வராது. வடிகட்டி வாங்க யாரும் ஆசைப்படுவதில்லை. அதோடு படம் எடுக்க முடியாதே. சிறுவர் இல்லங்களுக்கு முன்னறிவிப்பில்லாமல் போய்ப் பிள்ளைகளோடு படம் எடுப்பது அடியோடு தவிர்க்க வேண்டியது. கொடுக்கத்தான் வேண்டுமென்றால் முதலில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திடம் கேளுங்கள்: "இந்த மாதம் எது முட்டுப்பாடு?"

பயண நிறுவனம் தலைக்கு ஒரு தொகை ஒதுக்குவது

பயணக் கட்டணத்துக்குள்ளேயே ஊர் நிதியும் இருக்கும். வான் ஒரு மணித்தியாலம் மட்டும் நிற்கிற இடத்துக்கு இதுதான் பொருத்தம். அந்த நேரத்துக்குள் ஊரால் எதையும் விற்க முடியாது. சிக்கல், எத்தனை பேர் வந்தார்கள் என்பது நிறுவனத்துக்கு மட்டுமே தெரியும் என்பது. ஆண்டு முடிவில் ஒரு காசோலையும் ஒரு பதாகையும் வரும். அதற்குள் மெம்பிரேன் போயிருக்கும். மருந்து, சங்கத்தின் கையில் ஒரு வருகைப் பதிவேடு. திகதி, வான் இலக்கம், ஆட்தொகை, சாரதியின் கையொப்பம், நான்கே நிரல். மாதம் முடிய அதை வைத்தே கணக்குக் கேட்கலாம். "இலாபத்தில் பங்கு" என்று எழுத விடாதீர்கள். இலாபம் இல்லை என்று சொல்லிவிடலாம், தலையை மறைக்க முடியாது.

சங்கமே சாப்பாடும் வழிகாட்டலும் விற்பது

எங்கள் தீர்ப்பு இதன் பக்கம். வடமாகாண விவசாயத் திணைக்களத்தின் அம்மாச்சி உணவகங்களில் பெண்கள் கண்முன்னே சமைத்து விற்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. சமைப்பவருக்கு அன்றே கூலி, நிதிக்கு அன்றே பங்கு.

உதாரணக் கணக்கு: 16 பேர், சாப்பாடு 1,000 ரூபா, வரவு 16,000. பொருளும் விறகும் 8,000, நான்கு பேருக்குக் கூலி 6,000, நிதிக்கு 2,000. இப்போது 16 பேர் என்றவர்கள் 9 பேராக வந்தால்? வரவு 9,000, சாமான் வாங்கியது 16 பேருக்கு. கூலிக்கு 1,000 ரூபாதான் மிஞ்சும், நிதிக்குச் சல்லியும் இல்லை. இரண்டு முறை இப்படி நடந்தால் சமைக்க ஆள் வராது. ஆகவே பாதிக் காசு முற்பணம். முதல்நாள் பின்னேரம் சொன்ன தொகைதான் கணக்கு, குறைந்து வந்தாலும் அதற்கே காசு.

அடுத்த சண்டை, சமைப்பது யார் முறை என்பது பற்றியது. தலைவியின் வீட்டிலேயே எப்போதும் சமையல் என்றால் சங்கம் உடையும். சுழற்சிப் பட்டியலைப் பொதுநோக்கு மண்டபச் சுவரில் ஒட்டுங்கள். நிதி வங்கிக் கணக்கில், மூவரில் இருவர் கையொப்பத்தோடு. பற்றுச்சீட்டு இல்லாத செலவு செலவே அல்ல.

படகுச் சவாரி சேர்க்க நினைத்தால் ஆளுக்கு ஒரு உயிர்காப்பு அங்கி இல்லாமல் தொடங்க வேண்டாம். கொக்கிளாய் 1951 முதல் பறவைகள் சரணாலயம். வனஜீவராசிகள் திணைக்களத்திடம் முதலில் கேட்க வேண்டும். முள்ளிவாய்க்காலை எந்தப் பட்டியலிலும் "பார்க்கும் இடம்" என்று போடாதீர்கள். அங்கு போகிறவர் தானாகப் போவார்.

இந்த வழிக்கும் ஒரு ஓட்டை உண்டு. யூலை, ஓகஸ்டில் கை நிறையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குச்சொழுங்கைக்குள் வான் வராது. வடிகட்டி அப்போதும் அடைக்கும். ஓகஸ்ட் முடியும்போது நான்கு மாதப் பராமரிப்புக் காசைத் தனியாக ஒதுக்கி, மிச்சத்தில்தான் முன்பள்ளிக்குச் சத்துணவா மாலை வகுப்பா என்று கூட்டத்தில் பேச வேண்டும்.