குளிரில் வில் எய்ய மெல்லிய கதகதப்பு: சென்னையில் கிடைப்பதில் எது தேறுகிறது?

தடித்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வில்லை இழுத்தால் நாண் இரண்டு இடங்களில் உரசும். ஒன்று, வில் பிடித்த கையின் முன்கை. இன்னொன்று, அதே பக்கத்து மார்பு. நூலிழை அளவு உரசினாலும் அம்பு பக்கவாட்டில் விலகிவிடும். எழுபது மீட்டர் தூரத்தில் அந்த விலகல் இலக்கின் ஓரத்துக்கே போய் நிற்கும். நுனிகள் முன்பக்கம் வளைந்த ரிகர்வ் வில்லில் கிளிக்கர் (முழு இழுப்பு வந்ததும் ‘டிக்’ என்று ஒலிக்கும் சின்னத் தகடு) வைத்திருப்பவர்களுக்குத் தோள்பட்டையில் துணி திரண்டுகொண்டு கடைசி இரண்டு மில்லிமீட்டர் இழுப்பு வராமல் போகும். கப்பிகள் பூட்டிய காம்பவுண்ட் வில்லில் காலர் தாடைக்கும் நாணுக்கும் நடுவே புகுந்து, குறிபார்க்க நாணில் வைத்திருக்கும் பீப் துளை கண்ணுக்கு நேராக வராது.

டிசம்பர், ஜனவரியில் வட மாநிலப் போட்டிகளுக்கோ ஊட்டியில் விடியற்காலைப் பயிற்சிக்கோ கிளம்பும் சென்னை வில்லாளர்களுக்கு இது மெய்யான சிக்கல். இங்கே மார்கழியிலும் காலை வெப்பம் இருபது டிகிரிக்குக் கீழே அபூர்வமாகத்தான் இறங்கும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் அதே வாரம் புல்வெளி முழுக்க உறைபனி வெளுத்துக் கிடக்கும். வாங்கும் ஊரில் குளிரே இல்லாததால் எதையும் போட்டுப் பார்த்து வாங்க முடிவதில்லை. இந்த மதிப்பீடு அதற்காகத்தான்.

ஆடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் முறையை வட அமெரிக்காவில் மரத்தின் மேல் மேடை கட்டி மணிக்கணக்கில் அசையாமல் காத்திருக்கும் வில் வேட்டைக்காரர்கள் நன்றாகவே செதுக்கி வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். ஆகவே இங்கே பேசுவதெல்லாம் இலக்குப் பலகைக்கும் களப் பயிற்சிக்கும் மட்டும். அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: கதகதப்பை நடு உடம்பிலும் கழுத்திலும் குவி, கைகளை மெல்லிசாக விடு. வயிறும் மார்பும் சூடாக இருந்தால் உடம்பு விரல்களுக்கு ரத்தத்தைத் தாராளமாக அனுப்பும். நடு உடம்பு குளிர்ந்தால் முதலில் வெட்டுவது விரல்களின் பங்கைத்தான். அப்போது எவ்வளவு தடித்த கையுறை போட்டாலும் பயனில்லை.

தோலை ஒட்டிய அடுக்கு

ஜெயிப்பதும் தோற்பதும் இந்த அடுக்கில்தான். தி. நகர் துணிக்கடைகளில் ‘தெர்மல் செட்’ என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துப் போடுவது பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த, வெளிர் சாம்பல் நிறப் பின்னலாடை. விலை குறைவு, தொட்டால் மெத்தென்று இருக்கும். ஆனால் வில்லாளருக்கு உதவாது. பைகளைத் தூக்கிக்கொண்டு மைதானம் வரை நடக்கும்போது வேர்க்கும். பருத்தி அந்த வேர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். பிறகு வரிசையில் அசையாமல் நிற்கும்போது ஈரத்துணி உடம்புச் சூட்டை உறிஞ்சும். நீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நனைந்த பனியனோடு நிற்பவர் சட்டை போடாமல் நிற்பவரைவிட மோசமான நிலையில் இருக்கலாம். இந்த செட்டை ராத்திரி தூங்குவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அருமையானது.

குறைந்த செலவில் நல்ல தேர்வு, கிரிக்கெட்டுக்கும் ஜிம்முக்கும் விற்கும் முழுக்கைப் பாலியஸ்டர் ‘கம்ப்ரெஷன்’ பனியன். சென்னையில் வருடம் முழுக்கக் கிடைக்கும். கையோடு ஒட்டி நிற்பதால் நாண் உரசாது, வேர்வையை வெளியே தள்ளிச் சீக்கிரம் உலரும். இரண்டு குறைகள் உண்டு. இரண்டாம் நாளே நாற்றம் வந்துவிடும். துணியை மென்மையாக்கும் திரவத்தில் ஒரு தடவை அலசினாலும் இழைகளின் மேல் படலம் படிந்து, வேர்வையை இழுக்கும் குணம் மங்கிவிடும். சாதாரண சோப்புத் தூளே போதும்.

கையில் பணம் இருந்தால் மெரினோ என்ற செம்மறி இனத்தின் கம்பளி. இதற்கு நிகராக வேறெதையும் சொல்லத் தோன்றவில்லை. பதினேழிலிருந்து பத்தொன்பது மைக்ரான் வரை மெல்லிய இழை என்பதால் அரிக்காது. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை ஆவியாகவே உள்வாங்கிக்கொண்டு, தொட்டால் ஈரம் தெரியாமல் கதகதப்பாக இருக்கும். நான்கு நாள் போட்டியை ஒரே பனியனில் முடித்தாலும் நாற்றம் எளிதில் வராது. டெகாத்லான் போன்ற கடைகளில் மலையேற்றப் பிரிவில் பாருங்கள். ஜி.எஸ்.எம். எண் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) முக்கியம்: பத்து டிகிரிக்கு மேல் 150, அதற்குக் கீழே 200. 250-க்குப் போனால் முழங்கை மடிப்பில் துணி திரள ஆரம்பிக்கும்.

‘வுல்’ என்று சீட்டு ஒட்டி அக்ரிலிக்கை விற்பதும் நடக்கிறது. வீட்டுக்கு வந்ததும் உள்பக்கத்திலிருந்து ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டுங்கள். கம்பளி என்றால் முடி கருகும் வாடை வந்து, விரலில் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். தையல் நூலை உருவிவிடாதீர்கள். அசல் மெரினோவிலும் தையல் நூல் பாலியஸ்டராக இருக்கலாம், அதை எரித்துப் பார்த்துவிட்டு நல்ல சரக்கைத் திருப்பிக் கொடுத்துவிடக் கூடாது.

கையில்லாத கோட்டுதான் கதாநாயகன்

நடு அடுக்குக்குக் கையுள்ள ஜாக்கெட் வேண்டாம். வாத்து இறகு அடைத்த கையில்லாத கோட்டு, அல்லது ஃபிளீஸ் எனப்படும் பஞ்சு போன்ற பாலியஸ்டர் துணிக் கோட்டு.

இறகுக் கோட்டு மடித்தால் சொம்புக்குள் அடங்கிவிடும், எடையும் கொஞ்சம். இறகின் தரத்தை ‘ஃபில் பவர்’ எண் சொல்லும். 600-க்கு மேல் இருந்தால் நல்லது. ஈரம் இதன் பரம எதிரி. நனைந்த இறகு கட்டியாகிவிட்டால் கதகதப்பு பூஜ்ஜியம். இன்னொரு குறை மார்புப் பக்கம்: காற்றுப் பைகள் வரிசையாகப் புடைத்து நிற்பதால் நாண் அதைத் தொடும். செஸ்ட் கார்டை (நாண் படாமல் மார்பில் கட்டும் காப்பு) கோட்டுக்கு மேல் இறுக்கிக் கட்டினால் அந்தப் பக்கம் மட்டும் அமுங்கிவிடும். அந்த இடத்தில் கதகதப்பு குறையும், ஆனால் முதுகும் மறு மார்பும் போதுமான அளவு காப்பாற்றும்.

ஃபிளீஸ் இதைவிட முரட்டுத்தனமான பொருள், நனைந்தாலும் பரவாயில்லை. ஆனால் காற்று ஊடுருவிப் போகும். மேலே மெல்லிய நைலான் காற்றுத்தடுப்புச் சட்டை கட்டாயம். பைக்கில் போக வைத்திருக்கும் ரப்பர் மழைக்கோட்டை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. உள்ளே ஆவி தங்கி, அரை மணி நேரத்தில் பனியன் நனைந்துவிடும்.

கையில்லாத ஃபிளீஸ் கிடைக்காவிட்டால் முழுக்கை ஃபிளீஸை வாங்கித் தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்துக் கைகளை எடுத்துவிடலாம். துணியோடு சேர்ந்து நீளும் தையல் போடும் ஓவர்லாக் மெஷின் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். நேர்த்தையல் போட்டால் வில்லை முழுதாக இழுக்கும்போது துணி நீளும், நூல் நீளாது, தையல் படீரென்று விட்டுவிடும். அக்குள் வெட்டை இரண்டு விரல் இறக்கச் சொல்லுங்கள். இழுக்கும் தோள் தடையில்லாமல் பின்னால் போகும்.

பேட்டரியில் சூடாகும் கோட்டு இப்போது ஆன்லைனில் நிறைய வருகிறது. மெல்லிசாக இருக்கிறது, வேலையும் செய்கிறது. ஐந்து வோல்ட், இரண்டு ஆம்பியரில் ஓடினால் பத்து வாட். 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஏறக்குறைய மூன்று மணி நேரம் தாங்கும். குளிரில் பேட்டரியின் திறன் இறங்குவதால் அதற்கும் குறைவாக எதிர்பாருங்கள். விமானத்தில் பவர் பேங்கைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், வரம்பு நூறு வாட்-மணி. 20,000 எம்.ஏ.எச். என்பது எழுபத்து நான்கு வாட்-மணிதான், சிக்கல் வராது. ஆனாலும் இதை மட்டும் நம்பி மற்ற அடுக்குகளைக் குறைத்துவிட்டுப் போவது தப்பு. ஒரு கம்பி அறுந்தால் வெறும் மெல்லிய கோட்டுதான் மிஞ்சும்.

வெயில் ஸ்லீவின் இரண்டாம் பயன்

சென்னையில் டூ வீலர் ஓட்டுபவர்கள் வெயிலுக்குப் போடும் நைலான் ஆர்ம் ஸ்லீவ் இருக்கிறதே, அதுதான் இந்தப் பட்டியலிலேயே விலை குறைந்த, மிகப் பயனுள்ள பொருள். குளிருக்காக அல்ல. வில் பிடிக்கும் கையில் காற்றுத்தடுப்புச் சட்டையின் மேலே அதை மாட்டினால் தொளதொளத்த துணி முழுவதும் முன்கையோடு படிந்துவிடும். அதன் மேல் முன்கைக் காப்பான ஆர்ம் கார்டு. ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள். இறுகினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல்தான் மரத்துப்போகும்.

நாண் எங்கே தொடுகிறது என்பதை இங்கேயே கண்டுபிடித்துவிடலாம். எல்லா அடுக்கையும் போட்டுக்கொண்டு, நாணின் நடுப்பகுதியில் முகப் பவுடரைத் தாராளமாகத் தடவி, கிட்டத்தில் வைத்த பலகையில் ஐந்து அம்பு எய்யுங்கள். கருப்பு ஸ்லீவில் வெள்ளைக் கோடு விழுந்த இடத்தைத்தான் இறுக்க வேண்டும். அம்பு வைக்காமல் நாணை விட்டுப் பார்க்கக் கூடாது, வில்லின் கைகள் உடைந்துவிடலாம். உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டும் என்பதால் ஏசி அறையில் உடுத்திக்கொண்டு வந்து பத்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள்.

கை, கழுத்து, கால்

இழுக்கும் கையில் தடித்த கையுறை ஆபத்து. காம்பவுண்டில் நாணைப் பிடித்து விடும் ரிலீஸ் கருவியின் விசையை விரல் உணராமல் அம்பு முன்கூட்டியே பாய்ந்துவிடும். வெறுங்கை அல்லது மிக மெல்லிய கையுறை போதும். அம்புகளுக்கு நடுவே கைகளை இடுப்பில் கட்டிய மஃப் எனப்படும் கைக்கூட்டுக்குள் நுழைத்துக்கொள்ள வேண்டும். கடையில் தேட வேண்டாம். கோட்டிலிருந்து வெட்டிய ஃபிளீஸ் கைகளோடு கொஞ்சம் துணி சேர்த்து, முப்பத்தைந்து சென்டிமீட்டருக்கு அறுபது அளவில் ஒட்டி, குழாயாக மடித்து, வெளியே நைலான் வைத்து, இடுப்புப் பட்டை கோத்துத் தைத்தால் முடிந்தது. உள்ளே சின்னப் பை ஒன்று இருந்தால் சூட்டுப் பொட்டலம் வைக்கலாம்.

அந்தப் பொட்டலத்தில் இருப்பது இரும்புத்தூள், உப்பு, கரித்தூள், ஈரம். காற்றுப் பட்டதும் இரும்பு துருப்பிடிக்கும் வினையில் சூடு வருகிறது. பிரித்தவுடன் சூடாகாது, கால் மணி நேரம் ஆகும். வரிசைக்குப் போகும் முன்பே பிரித்துக் குலுக்கி வையுங்கள். கைக்கான பொட்டலத்தை ஷூவுக்குள் திணித்தால் காற்றில்லாமல் அணைந்துவிடும். தோலில் நேரடியாக வைத்தால் புண்ணாகும். பாதியில் வேலை முடிந்தால் காற்றுப் புகாத ஜிப் பையில் போட்டு அழுத்தி மூடினால் வினை நின்று, மீதியை மதியம் பயன்படுத்தலாம்.

கழுத்துக்கு மஃப்ளர் வேண்டாம், முனை நாணில் சிக்கும். குழாய் மாதிரி இருக்கும் ‘பஃப்’ போதும். எய்யும்போது தாடைக்குக் கீழே இறக்கிவிடுங்கள். துணி நடுவே வந்தால் நாண் தொடும் இடம் மாறி உயரக் கணக்குத் தப்பும்.

காலுக்கு இரண்டு சாக்ஸ் போடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஷூ இறுகி, குளிர் கூடும். ஒரே ஒரு கம்பளி சாக்ஸ் போட்டு, விரலை அசைக்க இடம் விடுங்கள். பாதத்தின் சூடு தரை வழியாகவும் இறங்குவதால், பழைய யோகா மேட்டில் ஒரு துண்டு வெட்டி எடுத்துப்போய், காத்திருக்கும் நேரத்தில் அதன் மேல் நில்லுங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

போடும் வரிசை

ரயிலிலிருந்து இறங்கும்போதே எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு நடப்பதால்தான் பலர் நனைகிறார்கள். மைதானத்துக்கு நடக்கையில் பனியனும் காற்றுத்தடுப்பும் மட்டும். முதல் பத்து நிமிடம் லேசாகக் குளிர வேண்டும், அதுதான் சரியான அளவு. போய்ச் சேர்ந்ததும், குளிர் ஏறுவதற்கு முன்பே, கோட்டைப் போட்டு ஜிப்பை ஏற்றிவிடுங்கள். குளிர்ந்த பிறகு போட்டால் குளிரைத்தான் பொத்தி வைப்பீர்கள். ரப்பர் பட்டையை இருபது முறை இழுத்துத் தோளைச் சூடாக்கிய பிறகே முதல் அம்பு. சட்டைப் பொத்தானைப் போட முடியாத அளவுக்கு விரல் மரத்துவிட்டால் வில்லைக் கீழே வைத்துவிடுங்கள். அந்தக் கையால் எய்வது பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து.

திரும்பி வந்த பிறகு

சென்னையின் ஈரக்காற்று இந்தத் துணிகளைக் குளிரைவிட வேகமாகக் கெடுக்கும். இறகுக் கோட்டை அமுக்கிப் பையில் வைத்தபடியே அடுத்த டிசம்பர் வரை விட்டால் இறகு நிமிராது, பூஞ்சை வாடையும் வரும். ஹேங்கரில் தொங்கவிட்டு, பருத்தித் துணியால் மூடி, அடியில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். துவைக்க வேண்டியிருந்தால் டிரையர் உள்ள சலவைக் கடையில் குறைந்த சூட்டில், இரண்டு டென்னிஸ் பந்துகளையும் சேர்த்துப் போட்டு உலர்த்தச் சொல்லுங்கள். பந்து அடித்து அடித்து இறகைப் பிரித்துவிடும். மெரினோவை முறுக்கிப் பிழியாமல், துண்டில் சுருட்டி நீரை எடுத்து, நிழலில் படுக்கவைத்து உலர்த்துங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈர எடையில் கை நீண்டு, கஷ்டப்பட்டு ஒட்டவைத்த முன்கைத் துணி மறுபடி தொளதொளக்கும்.